நிலாவுக்குத் தும்மல்

க்ளென் வரைந்த நிலா தும்மியதும் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்துவிட்டாள். சிரித்துத் தொலைத்தோமே என்று அடுத்த நொடியே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அது ஒன்றும் பெரிய நிலா இல்லை. வெளிர் மஞ்சளில் ஒரு வட்டம், அதில் மூன்று நாலு குழி. ஆனால் தலையில் மங்கி கேப் மாட்டியிருந்தது. டிசம்பர் காலையில் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பால் வாங்க வருகிற பெரியவர்கள் காதை மூடி மாட்டியிருப்பார்களே, அதே பழுப்பு நிறம். மூக்கு சிவந்திருந்தது. கண் இரண்டும் மெல்லச் சுருங்கின. வாய் கோணிக்கொண்டது. இதோ வருகிறது, இல்லை வரவில்லை என்று இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் ஒரு குலுக்கல். மூக்கிலிருந்து நட்சத்திரங்களாகத் தெறித்து வானம் முழுக்கப் போய் ஒட்டிக்கொண்டன. பிறகு நிலா, யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் கூச்சத்தோடு பார்த்தது.

இதில் ஒட்டிவைத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே சி.எஸ்.எஸ். இணையப் பக்கத்தில் எழுத்து என்ன நிறம், கட்டம் எவ்வளவு அகலம் என்று சொல்வதற்காக வந்த கணினி மொழி அது. அதை வைத்துக்கொண்டு படமும் வரையலாம். ஒரு கட்டத்தை எடுத்து நாலு மூலையையும் வளைத்தால் வட்டம். உள்பக்கம் நிழல் கொடுத்தால் குழி. ஒரே ஒரு புள்ளியின் நிழலை இருநூறு இடத்தில் விழவைத்தால் இருநூறு நட்சத்திரம். கூலிக்கு எழுதுகிற மொழியை எடுத்து விளையாடுவது. அவ்வளவுதான் சங்கதி.

"தும்பா சென்னாகிதே! ரொம்ப நல்லாருக்கு!" என்றாள் வீணா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் விளையாட்டுப் பெட்டி செய்து விற்கிற கம்பெனியிலிருந்து வந்தவள் அவள். "இது போதும் ஓஸ்வால்ட் சார். பன்னெண்டு படமும் இப்படியே வேணும். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கணும்."

"இன்னொரு சாம்பிளும் இருக்கு மேடம்" என்றார் ஓஸ்வால்ட். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் ஐந்தாறு பேரை வைத்து இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கும் முதலாளி. "தமயந்தி, உன்னுது காட்டும்மா."

தமயந்தி தன் சனி கிரகத்தைத் திறந்தாள். ஒன்பது நாள் வேலை. வளையங்களின் சாய்வு இருபத்தேழு டிகிரி, நிஜத்தில் உள்ளபடி. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, கிரகத்தின் நிழல் வளையத்தின் மேல் விழுகிற வளைவு, எல்லாம் புத்தகம் பார்த்துக் கணக்குப் போட்டது. ஒரு புள்ளி பிசகவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

"நீட்டா இருக்கு" என்றாள் வீணா.

"பேரிங் மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டாள் பக்கத்தில் நின்ற ஜோசஃபின். பக்கங்களுக்கு வாசகம் எழுதுகிறவள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "பாராட்டித்தான் சொல்றேன் தமயந்தி! அவ்ளோ கரெக்டா, பளபளன்னு…"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். க்ளென் மட்டும், "இல்லக்கா, அந்த ஷேடோ சக்கத்தா, சூப்பரா இருக்கு" என்றான். அவன் நக்கலடித்திருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் நிஜமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

படங்களுக்குக் கீழே 'வரைந்தவர்' என்று பெயர் வரும் என்று வீணா முதல் நாளே சொல்லியிருந்தாள். அந்தப் பன்னிரண்டு படத்துக்கும் கீழே இனி க்ளென் பெயர்தான்.

தமயந்திக்கு முப்பத்து நாலு வயது. அப்பா யஷ்வந்த்பூர் யார்டில் மூட்டை இறக்கினவர். அம்மா கார்மென்ட்ஸில் நூல் வெட்டினவள். இவள் ஐ.டி.ஐ.யில் டிராயிங் படித்துவிட்டுப் பீன்யாவில் இயந்திரப் பாகங்கள் செய்கிற ஒரு டூல்ரூமில் ஏழு வருஷம் இருந்தாள். காலையில் வரைபடம், மதியத்துக்கு மேல் அளவு பார்க்கிற கேஜை வைத்துப் பாகங்களைச் சோதிக்கிற வேலை. ஒவ்வொரு வரைபடத்துக்கும் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் 'வரைந்தவர்' என்று இருக்கும். ஏழு வருஷமும் அவள் வரைந்தாள். ஏழு வருஷமும் அந்தக் கட்டத்தில் சீஃப் தன் இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "ஏதாச்சும் தப்பாச்சுன்னா நான்தானம்மா பதில் சொல்லணும்?" என்றார். கம்பெனியை மூடும்வரை தப்பாகவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு வருஷம் மாலை வகுப்பில் வெப் டிசைன் படித்து, இங்கே வந்து சேர்ந்து, நாலு வருஷமாகப் படிவங்களும் அட்டவணைகளும் பட்டன்களும் செய்துகொண்டிருக்கிறாள். பட்டனுக்குக் கீழே யாரும் பெயர் போடுவதில்லை.

க்ளென்னுக்கு இருபத்து நாலு. இதே காக்ஸ் டவுனில் அவன் தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஆபீஸுக்கு அரைக்கால் சட்டையோடு வருவான், பதினோரு மணிக்கு. காலை நாற்காலியின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான். கணக்கு எதுவும் போட மாட்டான். "முப்பதா நாப்பதா? நாப்பது வெச்சுப் பாப்போம்… ஐய, மூஞ்சி வீங்கிடுச்சு!" என்று தனக்குத்தானே சிரிப்பான். வீங்கிய முகம் சரியான முகத்தைவிட நன்றாக இருக்கும். அப்படியே விட்டுவிடுவான்.

தப்பை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருத்தனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தமயந்தி அவனைக் கண்ணாடிக் கதவில் பார்த்துக்கொண்டே யோசிப்பாள். டூல்ரூமில் தப்பு என்றால் ஒரு பலகை முழுக்கப் பாகங்கள் குப்பைக்குப் போகும். வேலை நேரத்தில் சிரித்த லேத்காரர் ஒருத்தர் விரல் நுனியை விட்டுவிட்டுப் போனார். அவள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால்கூட யாரும் விளையாடியது கிடையாது. விளையாட்டு என்பது வயிறு நிறைந்தவர்களுக்கு வருகிற ஏப்பம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் எரிச்சல் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒக்கலிபுரம் வீட்டில் உட்கார்ந்து அவளும் ஒன்று முயன்று பார்த்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ராக்கெட். தோளில் ஒரு பை, முகத்தில் ஒரு சலிப்பு. யோசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் திரையில் நின்றது அச்சு அசலாக ஒரு தண்ணீர் மோட்டார். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, கார்ப்பரேஷன்காரனுக்குப் பம்பு வரையிறியா?"

"ராக்கெட்டும்மா."

அம்மா இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். "அப்ப சரி" என்று கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

தமயந்தி அந்தக் கோப்பை அழித்தாள். அழித்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுத்து அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஓஸ்வால்ட் அவளைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை பீன்யாவுல ஒரு ஸ்கூல்ல வெச்சு முதல் படத்தை வெளியிடறாங்க. பசங்க அம்மா அப்பா போன்ல திறந்து பாப்பாங்க. க்ளென் முடிச்சுட்டான். நீ ஒரு பார்வை பாத்துக் கையெழுத்துப் போட்டுடு. உன் கண்ணுக்குத் தப்பிச்சு எதுவும் போவாது."

அவன் வரைவான், இவள் சரிபார்ப்பாள். மறுபடியும் கேஜ். தமயந்தி சோதனைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டியலில் மூன்று போன்கள் இருந்தன. மூன்றும் ஆபீஸ் அலமாரியில் இருப்பவை. மூன்றும் நல்ல விலைக்கு வாங்கியவை. ஒவ்வொன்றிலும் நிலா கண்ணைச் சுருக்கி, வாயைக் கோணி, அழகாகத் தும்மியது. மூன்று டிக் போட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று கை அரித்தது. தன் கைப்பையிலிருந்து சொந்தப் போனை எடுத்தாள். எஸ்.பி. ரோட்டில் பழையது வாங்கி, கண்ணாடி மாற்றி, ஐந்து வருஷமாக ஓட்டுகிற போன்.

நிலா கண்ணைச் சுருக்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. வாய் ஒரு வெட்டு வெட்டிக் கோணியது. மறுபடி நின்றது. போனின் முதுகு சூடேறியது. நட்சத்திரம் ஒன்றுகூட வரவில்லை. தும்மல் வராமல் செத்துப்போகப் போகிற முகத்தோடு நிலா அப்படியே உறைந்துவிட்டது.

தமயந்திக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறியது. தப்பான பாகங்களை எத்தனையோ முறை பிடித்திருக்கிறாள். இப்படி ஒரு சந்தோஷம் எப்போதும் வந்ததில்லை.

எங்கே கோளாறு என்று பார்க்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருநூறு நட்சத்திரமும் இருநூறு நிழல். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் மங்கலான ஒளி. தும்முகிறபோது அந்த இருநூறையும் போன் ஒவ்வொரு கணமும் அழித்து அழித்துப் புதிதாக வரைய வேண்டும். நல்ல போன் வரைந்துவிடும். மட்டமான போன் மூச்சு முட்டி நின்றுவிடும். க்ளென் கைக்கு மட்டமான போன் எது என்று என்றைக்காவது தெரிந்திருக்கிறதா?

அத்தோடு மூடி வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கோணலைப் பார்த்தால் நிமிர்த்தாமல் அவள் கை சும்மா இருக்காது; அது ஒரு வியாதி. டூல்ரூமில் பெரிய வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளைப் போட்டு, அதில் ஒரு பாகத்தை மட்டும் வரைந்து, தாளை இப்படி அப்படி நகர்த்தி, பாகம் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைய மாட்டார்கள், தாளைத்தான் நகர்த்துவார்கள். அவள் நட்சத்திரங்களை மூன்று தாளாகப் பிரித்தாள். ஒரே ஒரு தடவை வரைந்து, தாளையே மூக்கு நுனியில் சுருக்கி வைத்துவிட்டு, தும்மும்போது விரித்துவிட்டாள். க்ளென் முன்னூறு வரி எழுதியிருந்த இடத்தில் இவளுக்குப் பதினாலு வரி ஆயிற்று. தன் போனில் திறந்தாள். நிலா கண்ணைச் சுருக்கியது, தும்மியது, வழவழவென்று நட்சத்திரங்கள் தெறித்தன.

மாற்றத்தைத் தன் லேப்டாப்பில் மட்டும் பதிந்து வைத்தாள். யாருக்கும் அனுப்பவில்லை.

"எப்படிக்கா, ஓகேவா?" க்ளென் பின்னால் வந்து நின்றான். கையில் கீழே பேக்கரியிலிருந்து வாங்கிய ஒரு பன், பாதி கடித்தது.

தமயந்தி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "லிஸ்ட்ல இருக்கிற மூணுலயும் ஓகே."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அளவு குறிக்காத இடத்தை அளக்காதே என்பதுதான் டூல்ரூமில் முதல் பாடம். வரைபடத்தில் இருப்பதைச் சோதி, கையெழுத்துப் போடு, மேலே பேசாதே. அவள் சோதித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"தாங்க்ஸ்க்கா. உங்களுக்கு ஒரு பன் சொல்லட்டா?"

"வேணாம்."

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் அவள் வயிற்றுக்குள் ஒரு இனிப்பைப் பதுக்கி வைத்திருப்பவள் போல நடமாடினாள். க்ளென் அடுத்த படத்தைப் போட்டுக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தபோது, முதல் முறையாக அவளும் மற்றவர்களோடு நிம்மதியாகச் சிரித்தாள். சிரிடா, சனிக்கிழமை வரட்டும்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்து ஹாலில் நாற்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது, ஐந்தாவது படிக்கிறவர்கள். சுற்றிலும் அம்மாக்கள், சில அப்பாக்கள். முதல் ஷிப்டுக்கு லீவ் சொல்லிவிட்டு வந்தவர்கள், இரவு ஷிப்டு முடித்து நேரே வந்தவர்கள். வீணா முதலில் திரையில் போட்டுக் காட்டினாள். நிலா தும்மியது. ஹால் அதிர்ந்தது. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" பிள்ளைகளே தும்மிக் காட்டினார்கள். க்ளென் மேடை ஓரத்தில் காது வரைக்கும் சிவந்து நின்றான். திரையின் அடியில் அவன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தமயந்தி அதை இரண்டு தடவை படித்தாள்.

"இப்ப எல்லாரும் உங்க போன்ல திறங்க! நிலாவோட தொப்பி கலரை நீங்களே மாத்தலாம்!" என்றாள் வீணா.

எல்லோரும் போனைத் திறந்தார்கள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் கிளம்பியது.

"மிஸ், நிக்குது மிஸ்."

"எனக்கும் நின்னுடுச்சு!"

"சூடாவுது மிஸ்!"

க்ளென் மேடையிலிருந்து குதித்து ஓடினான். "ரீஃப்ரெஷ் பண்ணுங்க… இழுத்து விடுங்க… ஒந்து நிமிஷா…" ஒவ்வொரு போனாகப் பிடுங்கிப் பார்த்தான். நாற்பதில் ஏழெட்டில்தான் நிலா தும்மியது. மற்றதிலெல்லாம் முகத்தைக் கோணிக்கொண்டு உறைந்து கிடந்தது. வீணாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாகிவிட்டது.

"டெஸ்ட் பண்ணலியா நீங்க?" என்று க்ளென்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பண்ணோம் மேடம். நான்தான்… நான் பாத்துடறேன் மேடம்." சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் தமயந்தி பக்கம் திரும்பினான். "அக்கா, மூணுலயும் ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு" என்றாள்.

அந்த நொடிக்காகத்தான் நாலு நாள் காத்திருந்தாள். அவன் முழிப்பதைப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், தேனாக இனித்தது.

அப்போது பக்கத்தில் ஒரு அம்மா, கழுத்தில் கார்மென்ட்ஸ் அடையாள அட்டையோடு நின்றவள், தன் மகளிடம் மெல்லச் சொல்வது காதில் விழுந்தது. "நம்ம போனு மட்டம்டீ. விடு. அதோ அந்தப் பையன் போன்ல போய்ப் பாரு."

"அந்தப் பையன் காட்ட மாட்டான்மா."

அந்த அம்மா தயங்கித் தயங்கித் தமயந்தியிடம் வந்தாள். ஆபீஸ்காரி என்று நினைத்திருப்பாள், ஆபீஸ்காரிதானே. போனை இரண்டு கையாலும் நீட்டினாள். "மேடம், நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. மன்னிச்சுக்குங்க மேடம். உங்க இதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

தமயந்தி வாங்கிப் பார்த்தாள். தன்னுடையதே போன்ற போன். ஓரத்தில் செலோ டேப். முதுகு கொதித்தது.

தமயந்தியின் அம்மா வேலை பார்த்த கம்பெனியில் கடைசி வருஷம் விரல் ரேகை வைத்து உள்ளே போகிற மிஷின் வந்தது. இருபது வருஷம் நூல் வெட்டின விரலில் ரேகை ஏது? மிஷின் எடுக்காது. பின்னால் வரிசை நிற்கும். அம்மா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைப்பாள்; ஒவ்வொரு தடவையும் மிஷினைப் பார்த்து, "சாரி சார்" என்பாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வாள். தமயந்திக்கு அன்றைக்கு அந்த மிஷினைச் செய்தவனைத் தேடிப்பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. நம்ம விரல் மாதிரி ஒரு விரலை வைத்துப் பார்க்க உனக்குத் தோணலியாடா என்று.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல" என்றாள் அந்த அம்மாவிடம். "உங்க போன்ல தப்பு இல்ல. எங்க மேலதான்."

ஹாலுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை எழுதிய பதினாலு வரி அப்படியே இருந்தது. அனுப்ப ஒரு நிமிஷம் போதும். ஆனால் யார் எழுதினார்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒட்டிக்கொண்டே போகும். செவ்வாய், மதியம் இரண்டு பத்து, தமயந்தி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை மறைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் புதிதாக எழுதி, இன்றைக்கு எழுதியது போல அனுப்ப வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அரை மணியில் ஹாலில் யாரும் இருக்க மாட்டார்கள். இப்போதே இரண்டு அப்பாக்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக எழுதலாம் என்று ஒரு கோப்பைத் திறக்கவும் திறந்தாள். இரண்டு வரி எழுதினாள். பிறகு மூடிவிட்டு, செவ்வாய்க்கிழமையையே அனுப்பினாள்.

"இன்னொரு தடவை திறந்து பாக்கச் சொல்லு" என்றாள் க்ளென்னிடம்.

முதலில் ஜன்னலோரம் ஒரு போனில் நிலா தும்மியது. அப்புறம் நடுவில் ஒன்று. அப்புறம் யார் யாரிடமோ. ஒவ்வொரு நிலா தும்மும்போதும் ஒரு கூச்சல். அந்த அம்மாவின் மகள் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "நம்மளுதும் தும்முதும்மா!" என்று கத்தினாள். எழுந்த அப்பாக்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

க்ளென் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா! எப்படிக்கா! பத்து நிமிஷத்துல! நான் செத்தேன்னு நெனச்சேன்!" அவன் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. தமயந்தி கையை விடுவித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை க்ளென் ஒன்பதரைக்கே வந்திருந்தான். காலை மடக்காமல் உட்கார்ந்திருந்தான். இவள் உள்ளே நுழைந்தபோது நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். 'குட் மார்னிங்க்கா' இல்லை. செவ்வாய்க்கிழமை என்று இருந்ததைப் பார்த்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஓஸ்வால்ட் இரண்டு பேரையும் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். "வீணா மேடம் காலையிலேயே போன் போட்டாங்க. தமயந்தி இல்லேன்னா அன்னிக்கு மானம் போயிருக்கும்னாங்க. 'வரைந்தவர்'ல ரெண்டு பேர் பேரும் போடச் சொல்லிட்டாங்க. பன்னெண்டு படத்துக்கும். க்ளென், உனக்கு ஒண்ணும் இல்லியேப்பா?"

க்ளென் மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "அக்காவையே கேளுங்க சார்."

காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. பந்தை அவள் மடியில் போட்டுவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பன்னிரண்டு வருஷமாக வேண்டியது கையில் வந்து விழும். அவன் சொல்ல மாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கச் சொல்லாமலே இருப்பான். இவள் பெயர் அவன் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும், அவன் போட்ட பிச்சையாக.

"வேணாம் சார்" என்றாள்.

"என்னம்மா நீ? கூச்சமா?"

"அந்தக் கோளாறு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும் சார். என் போன்ல நின்னுச்சு. சரிபண்ணியும் வெச்சிருந்தேன். சொல்லல."

ஓஸ்வால்டின் பல் மறைந்தது. "ஏன்?"

"பொறாமை சார்." வேறு நாகரிகமான வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சோதனைப் பட்டியல் இருந்த கோப்பை மேஜை மேலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இனிமே செக்கிங் ஜோசஃபின் பாக்கட்டும். நீ ஃபார்ம் வேலையப் பாரு. வீணா மேடத்துக்கு நான் என்னத்த சொல்றதுன்னு யோசிக்கிறேன். போங்க ரெண்டு பேரும்." பிறகு, அவள் கதவருகே போனதும், "உன் கையெழுத்த நம்பிதானம்மா நான் தூங்குறேன்" என்றார். அது கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது.

மதியம் கீழே பேக்கரி வாசலில் அவள் டீ வாங்கி நின்றாள். க்ளென் இறங்கி வந்தான். தனக்கு ஒரு டீ சொன்னான். நாலடி தள்ளி நின்று குடித்தான். ஒரு பஸ் போனது. பின்னால் ஐந்தாறு ஸ்கூட்டர்கள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்னன்னு? உன்னைப் பாத்தா வயிறு எரியுதுன்னா?"

"ஆமா."

"சொன்னா நிலாவ எனக்குக் குடுத்துருப்பியா?"

அவன் டீயை ஊதினான்.

"நாப்பது பசங்கக்கா" என்றான். "அவ்ளோ பேர் முன்னாடி. எங்க அம்மாகிட்ட வேற சொல்லிட்டு வந்தேன். உங்கள மன்னிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"மன்னிக்கச் சொல்லி நான் கேக்கல."

"இப்பவும் எரியுதா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். காலையில் அவன் திரையில் புதிதாக ஒரு வால் நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். தன் வாலில் தானே தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிற வால் நட்சத்திரம். இத்தனை கோபத்திலும் அவனுக்கு அது வந்திருக்கிறது. "எரியுது" என்றாள்.

க்ளென் மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான். போகப் போகிறான் என்று நினைத்தாள். போகவில்லை. கால் மாற்றி நின்றான். முகத்தில் என்னவோ ஒன்று பிடிவாதமாக ஏறியிருந்தது.

"ரெண்டு நாளா உங்க பதினாலு வரியத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றான். "நான் முன்னூறு வரி. ஒரு வாரம். நீங்க மதியம் சாப்பாட்டு டைம்ல முடிச்சிருக்கீங்க. எப்படி ஓடுதுன்னு புரியுது. ஆனா எனக்கு அது வராதுக்கா. ஆயிரம் வருஷம் உக்காந்தாலும் தோணியிருக்காது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

தமயந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மூக்கு விடைத்திருந்தது. உதட்டோரம் இழுபட்டிருந்தது. கண் அவள் முகத்தில் நிற்காமல் அவள் கை விரல்களைப் பார்த்தது, அங்கே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது போல. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பத்து நாளாகக் கண்ணாடிக் கதவில் அவனைப் பார்த்தபோதெல்லாம் பக்கத்தில் தெரிந்த அவளுடைய முகம்தான் அது. ஆனால் இன்னொருத்தர் முகத்தில், அதுவும் தன்னைப் பார்த்து, இந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை.

டிரேசிங் தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம்.

"யோசிச்சுப் பாரு" என்றாள்.

டம்ளரில் இன்னும் பாதி டீ இருந்தது. ஆறிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படாமல், அவனைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வாயாகக் குடித்தாள்.